மூன்று வாரம் தீம், ஒரே மாலையில் தளம்: ஒரு ஸ்டாட்டிக் வலைப்பதிவு தொடங்கிய கதை

அக்காவின் பழைய வலைப்பதிவு ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. அதை நடத்திவந்த சிறிய சேவையை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்தான், ஆனால் அக்கா பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய முகவரிக்கு. ஆறு வருட எழுத்து அதில் இருந்தது. சில பதிவுகள் வேர்ட் கோப்புகளாகக் கணினியில் கிடந்தன, சில தோழிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியவை. தேடித் தேடிச் சேர்த்ததில் 63 பதிவுகள் தேறின. மீதி போனது போனதுதான்.

அவர் மொழிபெயர்ப்பாளர். என்னைவிட மூத்தவர், முன்பு ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். பெயர் போட வேண்டாம் என்றார். நான் எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எங்கெங்கே எப்படிப் புழங்குகிறது என்று இரண்டு பக்கம் எழுதுவார். நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

“தம்பி, இனிமே எழுதினா அது என் கையில இருக்கணும். வேற யாரோ கதவைச் சாத்தினதும் என் எழுத்து காணாமப் போகக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?”

இருக்கிறது என்றேன். அந்த வழியில் நாங்கள் எங்கே தடுக்கி விழுந்தோம், எப்படி எழுந்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது தொடங்கினால், எங்களுக்குப் போன மூன்று வாரம் அவர்களுக்குப் போகக் கூடாது என்பதே என் ஆசை.

ஏன் ஸ்டாட்டிக்

வழக்கமான வலைப்பதிவு மென்பொருளில் எழுத்தெல்லாம் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும். வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது சர்வரில் ஒரு நிரல் ஓடி, தரவுத்தளத்தைக் கேட்டு, தலைப்பையும் உடலையும் சேர்த்து ஒரு பக்கமாகக் கட்டிக் கொடுக்கும். ஸ்டாட்டிக் முறையில் அந்தக் கட்டும் வேலையை முன்பே முடித்து வைத்துவிடுகிறோம். எழுத்து சாதாரண உரைக் கோப்பாக நம் கணினியில் இருக்கிறது. ஜெனரேட்டர் என்ற நிரல் அந்தக் கோப்புகளையும் டெம்ப்ளேட் எனப்படும் பக்க வார்ப்பையும் சேர்த்து, பிரவுசர் காட்டக்கூடிய முழு எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கிவிடும். சர்வருக்கு மிச்சமிருப்பது கேட்ட கோப்பை எடுத்து நீட்டுவது மட்டும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 2001இல் வந்த மூவபிள் டைப் மென்பொருளே பதிவுகளை நிலையான பக்கங்களாக எழுதி வைத்தது. 2008இல், நிரல் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் ஜெக்கில் என்ற ஜெனரேட்டரை வெளியிட்டார். அதே ஆண்டு, அங்கே இருக்கும் கோப்புகளை வலைத்தளமாக வெளியிடும் கிட்ஹப் பேஜஸும் வந்ததில், கோப்பைத் தள்ளினால் தளம் வந்துவிடும் என்ற வழக்கம் பரவியது. 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா கோ என்ற நிரல் மொழியில் ஹியூகோ என்ற ஜெனரேட்டரை எழுதினார். இவற்றில் பதிவை எழுதப் பயன்படும் மார்க்டவுன் குறிமுறை 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டது.

அக்காவுக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஜெனரேட்டர் நாளைக்கே இல்லாமல் போனாலும், நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய 63 உரைக் கோப்புகள் அவர் கணினியில் இருக்கும்.

முதல் முயற்சி

நான் ஜெக்கிலில் தொடங்கினேன். எனக்குப் பழக்கம் இருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை, அதுதான் தவறு. அக்காவிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. ஜெக்கிலுக்கு ரூபி மொழிச் சூழல் வேண்டும், அதன் மேல் ஜெம்கள் எனப்படும் துணைத் தொகுப்புகள் வேண்டும். விண்டோஸ் தங்கள் அதிகாரபூர்வ ஆதரவுக்குள் வராது என்று ஜெக்கிலின் ஆவணமே சொல்கிறது. நான் பக்கத்தில் இருந்தவரை எல்லாம் ஓடியது. நான் போன பிறகு ஏதோ ஒரு தொகுப்பு புதுப்பிக்கப்பட்டது, அடுத்த நாள் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நாலு நாள் இதிலேயே போனது.

அப்புறம் ஹியூகோவுக்கு மாறினோம். அது ஒரே ஓர் இயக்குகோப்பு. இறக்கி வைத்தால் போதும், கூடவே எதையும் நிறுவ வேண்டியதில்லை. எல்லோரும் ஹியூகோவின் வேகத்தைத்தான் புகழ்வார்கள். 63 பதிவுகளுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அக்கா மாதிரி ஒருவர் கணினியில் அடுத்த வருடமும் அது அப்படியே ஓடும் என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தேன்.

ஆனால் உண்மையான நேரவிரயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அக்கா தீம்களை, அதாவது தளத்தின் தோற்றத்துக்கு யாரோ முன்பே செய்து வைத்த வடிவமைப்புகளை, பார்க்க ஆரம்பித்தார், நானும் ஊக்கினேன். ஒரு தீமின் மாதிரிப் பக்கம் மிக அழகாக இருந்தது. அதை எடுத்துப் போட்டால் எங்கள் தளம் அப்படி வரவில்லை. மாதிரியில் இருந்தது எல்லாம் 200 வரிக்கு மேல் நீண்ட ஓர் அமைப்புக் கோப்பின் வேலை. அதில் பாதி, எங்களிடம் இல்லாத விஷயங்களுக்கானது: பணியாளர் பட்டியல், திட்டப்பணிகள், சமூக ஊடகச் சின்னங்கள். அந்தத் தீம் ஹியூகோவின் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதால், புதிய பதிப்பில் ஒரு டெம்ப்ளேட் கட்டளை பிழை காட்டியது. அதைச் சரிசெய்தால் இன்னொன்று. வேறு தீமுக்கு மாறினோம், அதில் தமிழ் எழுத்தின் மேல்விலங்கு மேல் வரியில் போய் முட்டியது. மூன்றாவதில் தேதி ஆங்கில மாதப் பெயரில்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். மூன்று தீம், ஒரு சோதனைப் பதிவு, அதில் இருந்ததும் ‘வணக்கம், இது சோதனை’ என்ற ஒரே வரி. இணையத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அக்கா அந்த மூன்று வாரமும் எதுவும் எழுதவில்லை. “தளம் தயாராகட்டும், அப்புறம் எழுதறேன்” என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எழுதுகிறவரை எழுத விடாமல் வைத்திருப்பது நான்தான்.

ஒரு மாலை

அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: இன்றைக்கு எழுந்து போவதற்குள் உண்மையான பதிவு ஒன்று இணையத்தில் இருக்க வேண்டும், எப்படி இருந்தாலும் சரி.

தீம் இல்லை. புதிய தளத்தை உருவாக்கும் ஹியூகோ கட்டளையை ஓட்டினோம், ஒரு கோப்புறை வந்தது. அதற்குள் கன்டென்ட் என்ற உள்கோப்புறையில் அக்காவின் பதிவு ஒன்றை வைத்தோம். டெம்ப்ளேட்டாக மூன்றே கோப்புகள் எழுதினேன். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான கூடு ஒன்று, தனிப் பதிவுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. மூன்றும் சேர்த்து 40 வரிகூட இல்லை. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் இன்னொரு 30 வரி. அதில் நான் யோசித்துப் போட்டது இரண்டுதான். வரி உயரம் 1.7, ஏனென்றால் தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். பத்தியின் அகலத்துக்கு ஒரு வரம்பு, பெரிய திரையில் வரி நீண்டுகொண்டே போகாமலிருக்க.

தளத்தை நம் கணினியிலேயே காட்டும் சர்வர் கட்டளையை ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313 என்று அடித்ததும் பதிவு தெரிந்தது. அக்கா கோப்பில் ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தார். பிரவுசரைத் தொடாமலே பக்கத்தில் அந்தச் சொல் மாறியது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். ஹியூகோவின் அமைப்புக் கோப்புக்கு முன்பு கான்ஃபிக் டாமல் என்று பெயர், 0.110 பதிப்பிலிருந்து ஹியூகோ டாமல் என்று மாறியது. 0.146இல் டெம்ப்ளேட் கோப்புறை அமைப்பும் மாறியது, அண்டர்ஸ்கோர் டீஃபால்ட் என்ற உள்கோப்புறை இப்போது தேவையில்லை. பழைய வழிகாட்டியில் இருப்பதும் உங்கள் திரையில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் தப்புச் செய்ததாக நினைக்காதீர்கள், முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

அமைப்புக் கோப்பில் மொழிக் குறியீடு அமெரிக்க ஆங்கிலம் என்று தானாக வந்திருந்தது. அதைத் தமிழுக்கு மாற்றினேன். இது அலங்காரம் இல்லை. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அந்தக் குறியைப் பார்த்துத்தான் எந்த மொழியின் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது.

அன்றைக்கு வெளியிடும் வேலையைச் சுருக்கமாக முடித்தோம். தளத்தைக் கட்டினால் பப்ளிக் என்ற கோப்புறை வரும், அதற்குள் இருப்பதை அப்படியே சர்வரில் ஏற்றினோம். இரவு சாப்பாட்டுக்கு முன் அக்காவின் பதிவு அவர் சொந்தப் பெயரில் வாங்கிய முகவரியில் இருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, மேலே பெயர். அவ்வளவுதான். வீட்டுக்குப் போன பிறகு அவரிடமிருந்து செய்தி வந்தது: இரண்டாவது பதிவை எழுத ஆரம்பித்துவிட்டாராம்.

முகவரி மட்டும் முதலிலேயே

தோற்றத்தைப் பிறகு மாற்றலாம், ஜெனரேட்டரையே மாற்றலாம். ஒரு பதிவின் முகவரியை மட்டும் மாற்றுவது கஷ்டம், ஏனென்றால் அது நம்மிடம் மட்டும் இருப்பதில்லை. பகிர்ந்தவர், சேமித்து வைத்தவர், சுட்டி கொடுத்தவர் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் அந்த மாலையில் நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய ஒரே விஷயம் இதுதான்.

ஹியூகோ, கோப்பின் பெயரிலிருந்தே முகவரியை ஆக்கும். கோப்புக்கு ‘சொல்லும்-பொருளும்’ என்று பெயர் வைத்தால் முகவரியும் தமிழிலேயே வரும். பிரவுசர் பட்டையில் பார்க்க அழகுதான். ஆனால் அதை நகலெடுத்து ஒரு செய்தியில் ஒட்டினால், பல இடங்களில் சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘சொல்லும்’ என்பதில் ச, ொ, ல, ், ல, ு, ம, ் என்று 8 குறிகள், ‘பொருளும்’ என்பதிலும் 8. மொத்தம் 16 குறிகள், 144 எழுத்துகள், நடுக்கோட்டோடு 145. இரண்டே சொல்லுக்கு இவ்வளவு.

அக்காவுக்குத் தமிழ் முகவரிதான் மனசுக்குப் பிடித்தது, அது எனக்கும் புரிந்தது. ஆனால் அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் கைபேசியில் செய்தி வழியாகப் பகிர்கிறவர்கள். மூன்று வரிக்கு நீளும் சுட்டியைப் பார்த்தால் மோசடிச் சுட்டி என்று பயந்து அழுத்தாமல் விடுவார்கள். கடைசியில் ஒவ்வொரு பதிவிலும், முகவரியில் வரவேண்டிய பெயரைச் சொல்லும் ஸ்லக் என்ற புலத்தில் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லைக் கையால் எழுதுவது என்று முடிவு செய்தோம். தேதியை முகவரியில் சேர்க்கவில்லை, பகுப்பின் பெயரையும் சேர்க்கவில்லை. இரண்டுமே பின்னாளில் மாறக்கூடியவை.

வழியில் வந்த தடுமாற்றங்கள்

ஒவ்வொரு பதிவுக் கோப்பின் தலையிலும் தலைப்பு, தேதி, குறிச்சொற்கள் இருக்கும் சிறு பகுதிக்கு ஃபிரன்ட் மேட்டர் என்று பெயர். புதியவர்களின் பாதிப் பிரச்சினைகள் இந்த ஐந்தாறு வரியில்தான் இருக்கின்றன.

முதலாவது, டிராஃப்ட், அதாவது இன்னும் வெளியிடாத வரைவு. ஹியூகோ மூலம் புதிய பதிவைத் தொடங்கினால் அது தானாகவே டிராஃப்ட் என்ற குறியோடு வரும். அதை எடுத்தால்தான் தளத்தில் ஏறும். இதில் பெரிய சங்கடம் வேறு வழியில் வந்தது. ஒரு நாள் டிராஃப்ட்களையும் சேர்த்துக் கட்டும் கட்டளையைத் தவறுதலாக ஓட்டிவிட்டோம். பாதியில் நின்ற ஒரு பதிவும் பப்ளிக் கோப்புறைக்குள் போய்விட்டது. மறுபடி சரியான கட்டளையை ஓட்டியதால் அது போயிருக்கும் என்று நினைத்தோம். போகவில்லை. ஹியூகோ கட்டுவதற்கு முன் பப்ளிக் கோப்புறையைத் தானாகக் காலி செய்வதில்லை. பழைய பக்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தது, அடுத்த முறை ஏற்றியபோது அதுவும் கூடவே போனது. அரைகுறைப் பதிவை ஒரு வாசகர் படித்துவிட்டு அக்காவுக்கு எழுதினார். அக்கா மிகவும் நொந்துபோனார். அன்றோடு கையால் ஏற்றுவதை நிறுத்தினோம். இப்போது கோப்புகள் எல்லாம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. அக்கா தன் மாற்றங்களை அங்கே தள்ளினால், தளம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தானே கட்டப்பட்டு வெளியாகிறது. பழைய மிச்சம் எதுவும் ஒட்டிக்கொள்ள இடமில்லை.

இரண்டாவது, முக்காற்புள்ளி. அக்காவின் தலைப்புகளில் அது அடிக்கடி வரும்: ‘கை: ஒரு சொல்லின் பயணம்’ என்பது போல. யாமல் என்ற குறிமுறையில் எழுதும் ஃபிரன்ட் மேட்டரில் முக்காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் தனிப் பொருள் உண்டு. தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் தளம் கட்டவே மறுத்துவிடும். எல்லாத் தலைப்பையும் மேற்கோளுக்குள்ளேயே எழுதுங்கள் என்று பழக்கிவிட்டேன், அதோடு தீர்ந்தது.

மூன்றாவதுதான் எங்களை நிஜமாகவே திணறடித்தது. ஒரு நாள் காலையில் அக்கா கூப்பிட்டார். “ராத்திரி ஒரு பதிவு போட்டேன். என் கம்ப்யூட்டர்ல தெரியுது, வெளியில தெரியல. டிராஃப்ட் எடுத்தாச்சு, மேற்கோள் போட்டாச்சு, தள்ளியாச்சு. பிழையும் எதுவும் காட்டல.” நானும் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. மதியம் வரை தேடினேன்.

அவர் பதிவை எழுதி முடித்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. தேதிப் புலத்தில் புதிய நாளின் தேதியை மட்டும் போட்டிருந்தார், மணி போடவில்லை. மணியும் நேர மண்டலமும் இல்லாத தேதியை ஹியூகோ, வேறு சொல்லாதவரை, உலகப் பொது நேரத்தின்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அக்கா இருக்கும் இடத்தின் கடிகாரம் அந்த நேரத்தைவிட முன்னால் ஓடுவது. ஆக, பொது நேரத்தின் கணக்கில் அவர் தேதி இன்னும் பிறக்காத நாள். எதிர்காலத் தேதியிட்ட பதிவைக் கேட்காமல் ஹியூகோ வெளியிடாது. காலையில் அவர் கணினியில் மறுபடி ஓட்டியபோது அந்த நாள் பிறந்துவிட்டிருந்தது, அதனால் அங்கே தெரிந்தது. வெளியில் இருந்த தளமோ இரவு ஒரு மணிக்குக் கட்டப்பட்டது. அதை மறுபடி யாரும் கட்டவில்லை, எனவே மதியம் ஆகியும் அது அப்படியே இருந்தது.

ஸ்டாட்டிக் தளம் கடிகாரம் பார்ப்பதில்லை. கட்டிய நொடியில் என்ன இருந்ததோ அதுதான், மறுபடி கட்டும் வரை. தரவுத்தள வலைப்பதிவிலிருந்து வருகிறவர்கள் மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. அமைப்புக் கோப்பில் டைம்ஸோன் என்ற வரியில் அவருடைய நேர மண்டலத்தைப் போட்டதும் பிரச்சினை முடிந்தது. எதிர்காலத் தேதியால் ஒதுங்கி நிற்கும் பதிவுகளைப் பட்டியலிடவே ஹியூகோவில் ஒரு கட்டளை இருக்கிறது, ஹியூகோ லிஸ்ட் ஃபியூச்சர். அன்றைக்கு அதைக் காலையிலேயே ஓட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

படங்களில் ஒரு சின்னத் தொல்லை. கேமராவிலிருந்து வந்த படத்தின் கோப்புப்பெயர் ரோமன் பெரிய எழுத்தில் முடிந்தது, பதிவில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். வீட்டில் தெரிந்த படம் வெளியில் தெரியாமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கவிதையும் இரட்டைக் குறிச்சொல்லும்

அக்கா பழைய பாடல்களை எடுத்துக்காட்டாமல் எழுத மாட்டார். நான்கு வரிப் பாடலை நான்கு வரியாக அடித்தார். தளத்தில் அது ஒரே வரியாக, உரைநடை போல ஓடியது. மார்க்டவுனில் ஒற்றை வரிமுறிவுக்கு மதிப்பில்லை, அடுத்தடுத்த வரிகளை ஒரே பத்தியாகவே சேர்த்துவிடும். சரி என்று, பாடல் தனியாகத் தெரியட்டுமே என ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு இடைவெளி விட்டார். இப்போது பாடல் சாம்பல் பெட்டிக்குள், தட்டச்சு எழுத்தில் நின்றது. நான்கு இடைவெளி என்றால் அது நிரல் வரி என்பது மார்க்டவுனின் விதி.

“பாட்டு ரெண்டாயிரம் வருஷமா வரி மாறாம வந்திருக்கு தம்பி, என் தளத்துக்கு வந்ததும் உடையுதே” என்றார். அந்த ஆதங்கம் நியாயமானது. வரிக் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டால் முறிவு வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி ஒரு பாடலை வைக்க முடியாது. வரிக் கடைசியில் பின்சாய்கோடு போடலாம், அது அசிங்கமாக இருக்கிறது. ஹியூகோவின் மார்க்டவுன் செயலியான கோல்ட்மார்க்கில் ஹார்ட்ராப்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் ஒவ்வொரு வரிமுறிவும் வரிமுறிவாகவே வரும். அதையே போட்டோம். தமிழில் கவிதையோ பாடலோ எழுதுகிற யாரும் முதல் நாளே இதைச் செய்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவது தமிழில் எழுதுகிறவர்களுக்கு எங்கேயும் எழுதி வைத்து நான் பார்க்காத ஒன்று. பழைய வேர்ட் கோப்புகளை பான்டாக் என்ற கருவியால் மார்க்டவுனாக மாற்றினோம். ஜான் மக்ஃபார்லேன் 2006இல் எழுதியது, ஆவண மாற்றத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் மிகப் பழைய கோப்புகள் யூனிகோடு வருவதற்கு முன்பான எழுத்துரு முறையில் இருந்தன. திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை முதலில் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம். படிக்க நன்றாக இருந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா குறிச்சொல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மொழின்னு ரெண்டு தடவை இருக்கே?” ஆமாம். பட்டியலில் ‘மொழி’ என்று ஒன்று, பக்கத்தில் 11 என்ற எண். கீழே மறுபடியும் ‘மொழி’, 3 என்ற எண். கண்ணால் பார்த்தால் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன், பின்னால் இடைவெளி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இரண்டையும் எடுத்து, குறிகளைத் தனித்தனியாகக் காட்டும் கருவியில் ஒட்டினேன். முதலாவதில் 4 குறிகள்: ம, ொ, ழ, ி. இரண்டாவதில் 5: ம, ெ, ா, ழ, ி.

யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி, திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். அக்காவின் விசைப்பலகை ஒற்றைக் குறியைத் தந்தது; பழைய எழுத்துரு மாற்றி இரண்டாகப் பிரித்துத் தந்திருந்தது. ஜெனரேட்டர் கண்ணால் பார்ப்பதில்லை, பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள். குறிச்சொல்லோடு நின்றால் பரவாயில்லை. முகவரியில் தமிழ் வைத்திருந்தால் பார்வைக்கு ஒன்றான இரு முகவரிகள் கிடைத்திருக்கும், ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. முன்பு சொன்ன ‘சொல்லும்-பொருளும்’ இந்த இரண்டாவது முறையில் 145 இல்லை, 163 எழுத்து.

தீர்வு எளிது. இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். பைத்தான் மொழியுடனேயே வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் அதற்கான செயற்கூறு இருக்கிறது. எல்லாக் கோப்பையும் படித்து, என்எஃப்சி ஆக்கி, திரும்ப எழுதும் பத்து வரி நிரல் ஒன்றை ஓட்டினேன். ‘மொழி’ ஒன்றானது, பக்கத்தில் 14. எத்தனை கோப்புகள் மாறின என்று கிட்டில் பார்த்தால், எழுத்துரு மாற்றி வழியாக வந்த அத்தனையும் மாறியிருந்தன. பழைய கோப்புகளை யூனிகோடாக்கித் தளம் தொடங்குகிறவர்கள் முதல் பதிவை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

இன்றைய நிலை

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் அக்கா மூன்று கட்டளைகள் கற்றுக்கொண்டார்: மாற்றங்களைச் சேர், குறிப்போடு பதிவு செய், தள்ளு. மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி மடிக்கணினியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். கிட்டைப் பற்றி இதற்கு மேல் அவருக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

இந்த முறையில் கிடைக்காதவையும் உண்டு. கருத்துரைப் பெட்டி இல்லை. வாசகர்கள் மின்னஞ்சல் எழுதுகிறார்கள், அது அவருக்குப் பிடித்திருக்கிறது. தளத்துக்குள் தேடும் வசதி முதலில் இல்லை. பிறகு பேஜ்ஃபைண்ட் என்ற கருவியைச் சேர்த்தேன், அது தளம் கட்டி முடிந்ததும் அகரவரிசைக் குறிப்பு மாதிரி ஒன்றைத் தயாரித்து, தேடலைப் பிரவுசரிலேயே நடத்துகிறது. கைபேசியிலிருந்து பதிவு போடுவது சிரமம்தான். பயணத்தில் நாலு வரி, ஒரு படம் என்று எழுதுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல பேர் சேர்ந்து எழுதி ஒருவர் திருத்தி வெளியிடும் இடத்துக்கும் வேறு வழி பார்ப்பது நல்லது. உட்கார்ந்து நீளமாக எழுதுகிறவர், எழுதியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைப்பவர், அவர்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை என்று மனதாரச் சொல்வேன்.

தீமைப் பற்றிக் கேட்டால், அந்த 30 வரி சிஎஸ்எஸ் இப்போது 52 வரி ஆகியிருக்கிறது. பாடல் வரிகளுக்கு இடது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, இரவில் படிக்கக் கறுப்புப் பின்னணி. இரண்டும் அவர் கேட்டு நான் சேர்த்தவை, ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை, அதற்காக எழுத்து ஒரு நாளும் நிற்கவில்லை.

போன மாதம் அக்காவின் மடிக்கணினி செத்துப்போனது. திரை வரவே இல்லை. அது எனக்குத் தெரியாது, அவர் கூப்பிடவில்லை. தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் என் ஆர்எஸ்எஸ் வாசிப்பானில் அவருடைய புதிய பதிவு வந்ததைப் பார்த்து, வழக்கம்போல் படித்துவிட்டு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பதிலில்தான் சொன்னார்: புது மடிக்கணினி வாங்கி, ஹியூகோவை இறக்கி, களஞ்சியத்தை நகலெடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டாராம். பழைய கணினியைக் கடையில் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை மட்டும் பிய்த்தெடுத்துப் புதியதில் ஒட்டிக்கொண்டாராம்.